ஏழு டம்ளர் பெட்ரோல்

சேனாபதிக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரன், சான் ஹோசேயில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, வயது நாற்பத்து மூன்று. சனிக்கிழமை வந்தால் இடுப்பில் கயிற்றைக் கட்டி, பழைய டயர் ஒன்றைத் தெருவில் இழுத்துக்கொண்டு நடப்பான். மனைவி வசந்தாமணி ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொள்வாள். அலாஸ்காவில் டெனாலி மலை ஏற வேண்டும், அதற்குத்தான் இந்தப் பயிற்சி. இரண்டு வருடம் இழுத்து, 1998 ஜூனில் கிளம்பியேவிட்டான்.

குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு அமெரிக்கப் பெண். கூட வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து மயூரன் இன்னொருவன். சோறும் அடுப்பும் சேனாபதியின் பொறுப்பு. அந்த உயரத்தில் சமையல் அப்புறம்தான், குடிக்கிற தண்ணீருக்கே பனியை உருக்க வேண்டும். அடுப்பு எரிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் பெட்ரோல் என்று கணக்கு. சுமையில் பாதியை மேலே கொண்டுபோய்ப் பனியில் புதைத்துவிட்டு, இறங்கி வந்து தூங்கி, மறுநாள் மீதியோடு ஏறுவார்கள். ஒரே மலையை இரண்டு தடவை ஏறுகிற பிழைப்பு. சேனாபதிக்கு அது பிடித்திருந்தது.

பதினாலாயிரம் அடியில் புயல் பிடித்துக்கொண்டது. ஆறு நாள். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? பையைப் பிரித்துக் கட்டினான், மறுபடி பிரித்தான். கூடாரத்தைச் சுற்றிய பனிச்சுவரைச் செப்பனிட்டான். கடைசியில் அடுப்பைப் பற்றவைத்தான். வசந்தாமணி கொடுத்துவிட்ட ரசப்பொடி இருந்தது. வாசனைக்குப் பக்கத்துக் கூடாரத்துப் போலந்துக்காரர்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் அவன் வீட்டில் கிடையாது. மறுநாள் ஐந்து பேர். அதற்கு மறுநாள் கோப்பையும் கையுமாக ஒரு வரிசையே நின்றது. மனசு தாராளம்தான், பெட்ரோல் பாட்டிலைத்தான் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் வானம் வெளுத்தது. உச்சிக்குப் போய்வர மேல் முகாமில் மூன்று பேருக்கு மூன்று நாள், ஒன்பது டம்ளர் வேண்டும். அளந்து பார்த்தால் ஏழுதான் இருந்தது.

“பக்கத்தில கேளுங்கோ அண்ணை. உங்கட ரசம் குடிச்ச ஆக்கள்தானே,” என்றான் மயூரன்.

“குடுத்துட்டு அவங்ககிட்டயே போய்க் கை நீட்டறதா? ரசத்துக்குக் கூலி கேக்கற மாதிரி ஆயிரும் மயூரா. லீடர்கிட்ட நீ வாயத் தொறக்காத.”

தலைவியிடம் முட்டி வலி என்றான். அவள் அழுத்திப் பார்த்தாள், இவன் சரியான இடத்தில் முனகினான். முகாமில் சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அவனை விட்டுப்போக அவள் தயங்கவில்லை, பக்கத்துக் கூடாரத்தில் மட்டும் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். ஆறு டம்ளரோடு இருவரும் ஏறினார்கள். தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டான். கறுப்பு பிளாஸ்டிக் பையில் பனியை அடைத்து வெயிலில் போட்டால் மீதித் தண்ணீருக்கு வழி உண்டு.

அன்று முழுக்கக் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். மேலே சரிவில் இரண்டு புள்ளிகள் ஊர்ந்தன. மூன்றாவதாகத் தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோதெல்லாம் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கேட்காமல் இருந்ததுதான் மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் போலந்துக்காரர்கள் கீழே இறங்க மூட்டை கட்டினார்கள். மூத்தவர் ஒரு தகர டின்னைக் கொண்டுவந்து இவன் முன் வைத்தார். நிறையப் பெட்ரோல், மூடியைக்கூடத் திறக்கவில்லை. தங்களுக்கு மிஞ்சிவிட்டது, ஒரு வாரமாகச் சும்மா கிடக்கிறது, சுமந்துகொண்டு இறங்குவானேன், உனக்கு உதவுமா என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டார். பதினைந்து டம்ளருக்குக் குறையாது.

சேனாபதி தலையை ஆட்டிவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். முட்டி இப்போது எப்படி இருக்கிறது என்று பின்னாலிருந்து அக்கறையாக விசாரித்தார் அவர்.

சேனாபதி கூடாரம் வரைக்கும் நொண்டிக்கொண்டே போனான். உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு அழுதான்.