முந்திரிக் கழுதையின் மூன்றாம் பாகம்

எங்கள் ஊர் நூலகத்தின் விறாந்தையை ஒரு காலம் இந்திராதேவி கூட்டிக்கொண்டே இருப்பாள். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டுவாள். பேப்பர் பார்க்க வருகிறவர்கள், "சீமெந்து தேயப்போகுது பிள்ளை" என்று பகிடி பண்ணுவார்கள். அவள் சிரிக்கவும் மாட்டாள், விளக்குமாற்றை வைக்கவும் மாட்டாள். ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் அவளே எனக்குச் சொன்னாள்.

இந்திராதேவி என் சின்னம்மாவின் மகன் செல்வநாயகத்தின் மூத்த பெண். எனக்குப் பெறாமகள். விடத்தல்தீவுக்கு அங்காலே வயல்கரையில் இருந்த சீவரத்தினத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். அவனும் பிறத்தி இல்லை. என் மாமியின் மகன் வழிப் பேரன், மருமகன் முறை. அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கீர்த்திகா, இளையவள் வேணுஜா.

கீர்த்திகாவுக்குப் புத்தகம் என்றால் சோறு தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் 'முந்திரிக் கழுதை' என்று ஒரு சிறுவர் தொடர் இருந்தது. முந்திரி என்கிற கழுதை மன்னார்த் தெருவெல்லாம் சுற்றிக் குழப்படி செய்கிற கதை. முதலாம் பாகம் ஒரே சிரிப்பு. இரண்டாம் பாகத்தின் கடைசியில் முந்திரி தனியாக ஒரு மணல்திட்டில் நிற்கிறது, சுற்றிவரத் தண்ணீர் ஏறுகிறது. கீழே 'மூன்றாம் பாகம் விரைவில்' என்று போட்டிருந்தது. அதற்குள் சண்டை எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஊர் எழும்பி நடந்தது. கீர்த்திகாவின் பையில் அந்த இரண்டாம் பாகமும் நடந்தது.

போகிற இடமெல்லாம் விறகு ஈரம். இந்திராதேவி அந்தப் புத்தகத்தின் முன்பக்கங்களைக் கிழித்துத்தான் அடுப்பு மூட்டினாள். கீர்த்திகா மறிக்கவில்லை. "முன்னுக்குள்ளது எனக்கு மனப்பாடம் அம்மா, கிழியுங்கோ. கடைசிப் பக்கத்தை மட்டும் தொடாதையுங்கோ" என்றாள். மாத்தளனில் மண்ணுக்குள் வெட்டின பங்கருக்குள் கிடந்தபோது சின்னவள் அழுவாள். அழுகையை நிறுத்த மூத்தவள் மூன்றாம் பாகத்தைத் தானே கட்டிச் சொல்லுவாள். தாய்க்கு அதைக் கேட்க ஏது மனம்? ஒன்றில் கஞ்சிக்கு வரிசையில் நிற்பாள், அல்லது செல் விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் குசுகுசுப்பது மட்டும் கேட்கும்.

ஒருநாள் தாய்க்குக் காய்ச்சல். கீர்த்திகா கஞ்சி வாங்கப் போனாள். அந்த வரிசையில் செல் விழுந்தது. தாயின் சேலையால் சுற்றி, சீவரத்தினம்தான் மண்ணில் வைத்தான். பங்கரில் விட்ட பை எரிந்துபோனது. பிள்ளையின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

செட்டிகுளம் முகாமில் கிடந்து, திரும்ப ஊருக்கு விட்ட பிறகு, தகரக் கொட்டிலில் சீவியம் தொடங்கியது. சீவரத்தினம் வயலைத் திருத்தினான். புதிதாகக் கட்டின நூலகத்தில் இந்திராதேவிக்குத் தொட்டாட்டு வேலை கிடைத்தது. திறப்பது, கூட்டுவது, புத்தகத்துக்கு முத்திரை குத்துவது. நூலகர் றஸ்னா. முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு எழுப்பின காலம் கைக்குழந்தையாகப் புத்தளத்துக்குத் தூக்கிப் போகப்பட்டு, குமராக ஊருக்குத் திரும்பின பிள்ளை. வாசல் கரும்பலகையில் 'விரைவில் வரும் சிறுவர் தொடர்கள்' என்று கலர் சோக்கால் எழுதிப் படமும் கீறுவாள். விருப்பமான பிள்ளைகள் கீழே பெயர் எழுத வேண்டும். எழுதின ஒழுங்கில்தான் புத்தகம் கிடைக்கும்.

ஒருநாள் றஸ்னா அந்தப் பலகையில் ஒரு கழுதையைக் கீறினாள். முந்திரியின் மூன்றாம் பாகம். முதல் பெயர் எழுதினது வேணுஜா.

"எனக்கு மூண்டாம் பாகம் தெரியுமே" என்று விறாந்தைப் படியிலிருந்து அவள் பீற்றிக்கொண்டாள்.

றஸ்னாவின் தமக்கை மகன் இன்ஸாப் விடுவானா? "வராத புத்தகம் உனக்கு எப்படித் தெரியும்? கப்சா விடாத."

"அக்கா சொன்னவ."

"உங்கட அக்கா அச்சுக்கூடத்திலயா வேலை செஞ்சவ?"

"இல்ல. பங்கருக்க எங்களோட இருந்தவ."

பொடியன் கிட்ட வந்து படியில் குந்தினான். பிறகு, "சரி, சொல்லு. கழுதை செத்துப்போச்சா?" என்றான்.

"பிறகு கேளன்..." என்று வேணுஜா இழுத்தாள்.

இந்திராதேவியின் கையில் விளக்குமாறு நின்றுவிட்டது. அந்தப் 'பிறகு கேளன்' கீர்த்திகாவின் சொல். அதே இழுப்பு, அதே தலையாட்டல். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது ஒரு கடற்பசு முந்திரியை முதுகில் தூக்கிக்கொண்டு போனதாம். போகிற வழியில் முந்திரிக்குப் பசித்ததாம். கடற்பசு கடல்பாசியில் புட்டு அவித்துக் கொடுத்ததாம். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். தாய் நிலத்தைப் பார்த்தபடி கூட்டத் தொடங்கினாள்.

அன்றிலிருந்துதான் அந்தக் கூட்டல். வேணுஜா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொல்லுவாள். தாய் வேலைக்கு நடுவில் பாதி கேட்பாள், பாதி தவறிப்போகும். வீட்டில் கேட்டுப் பார்த்தாள்.

"எனக்கும் அந்தக் கதையைச் சொல்லன் பிள்ளை."

"உங்களுக்குச் சொல்லேலாது அம்மா. நீங்கள் அழுவியள்."

"அழமாட்டன்."

"இப்பவே அழுறியள்."

அந்தக் கிழமையே புத்தகப் பெட்டி வந்தது. உடைத்து அடுக்கினது இந்திராதேவி. மேலேயே முந்திரி கிடந்தது, பளபளவென்று. எடுத்துப் பழைய பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால் அலுமாரியில் செருகிவிட்டாள். கேட்ட பிள்ளைகளுக்கு, "அது வரேல்லை" என்றாள். அச்சடித்தது வந்தால் பிள்ளை வாய் மூடிவிடும் என்கிற பயம்.

றஸ்னா பேப்பர் அடுக்கப் போய்க் கண்டெடுத்தாள். "இந்திராக்கா, இது என்ன வேலை? புள்ளைகள் நாள் முழுக்க என்னைப் பிச்சுப் பிடுங்குதுகள்."

இந்திராதேவி எல்லாவற்றையும் சொன்னாள். "ஒரு கிழமை பொறுங்கோ மிஸ். பிள்ளை இன்னும் கதையை முடிக்கேல்லை."

றஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். "என்ட ஃபோன்ல குரல் பிடிக்கலாம் அக்கா" என்று ஜன்னலில் ஃபோனை வைத்தும் பார்த்தாள். வேணுஜா கண்டுவிட்டாள். "என்னத்துக்குப் பிடிக்கிறியள்?" என்று எழும்பிப் போனவள், பிறகு விறாந்தையில் கதையே சொல்லவில்லை.

அந்தக் கிழமை முடிய முதலே இன்ஸாப் அலுமாரிக் கண்ணாடிக்குள்ளால் கழுதையின் காதைக் கண்டுவிட்டான். வேணுஜா தாயிடம் ஓடிவந்தாள்.

"அம்மா, முந்திரி வந்திட்டுது! நான்தான் முதல் பெயர். தாங்கோ, அக்கா சொன்னது சரியெண்டு இவனுக்குக் காட்டவேணும்."

மறிக்கலாம். மறித்தால் பிள்ளைக்கு என்ன சொல்வது? இந்திராதேவி தன் கையாலேயே முத்திரை குத்திக் கொடுத்தாள்.

புத்தகத்தில் கடற்பசு இல்லை, புட்டும் இல்லை. வற்று வந்து தண்ணீர் இறங்குகிறது. கீரிக் கடற்கரைப் பக்கத்து மீனவர் ஒருவர் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருகிறார். அவ்வளவுதான்.

"பாத்தியா, உங்கட அக்கா பொய் சொல்லியிருக்கா" என்றான் இன்ஸாப்.

"இவையள்தான் பிழையாய் எழுதியிருக்கினம்" என்று வேணுஜா அவனுக்கு அடிக்கப் போனாள்.

நல்ல புத்தகம் அது, குறை சொல்லக்கூடாது. பிள்ளைகள் எல்லாரும் வாசித்தார்கள். வாசித்ததை விளையாட்டாக்கினார்கள். இன்ஸாப் மீனவர், வேணுஜா முந்திரி. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். அவளும் அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துவந்தாள். பங்கருக்குள் கேட்டபோது அவளுக்கு ஆறு வயதுதானே.

மழை தொடங்கின ஒரு பின்னேரம், விளக்கு வைத்த கையோடு, வேணுஜா தானாகவே வந்து தாயின் மடியில் தலை வைத்தாள்.

"அம்மா, அக்காவின்ர கதை சொல்லட்டோ? நீங்கள் அழக்கூடாது."

"அழேல்லை. சொல்லு."

"முந்திரி மணல்திட்டில நிண்டதாம். தண்ணி கழுத்தளவாம். பிறகு கேளன்... அப்ப தூரத்தில ஒரு தோணி..." நிறுத்தினாள். "இல்ல, தோணி இல்ல. வற்று வந்து..." திரும்பவும் நிறுத்தினாள். எழும்பி உட்கார்ந்தாள். கண்ணை இறுக்கி மூடிப் பார்த்தாள்.

"அம்மா, கலந்துபோச்சு. அக்கா சொன்னது வருதில்ல. புத்தகம்தான் வருது."

சீவரத்தினம் வாசலில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். இந்திராதேவி பிள்ளையை இழுத்து அணைத்தாள்.

"கடற்பசு ஒண்டு வந்தது, பிள்ளை. முதுகில தூக்கினது."

"ஓம்! ஓம், கடற்பசு!"

"முந்திரிக்குப் பசிச்சது. கடல்பாசியில புட்டு அவிச்சுக் குடுத்தது."

"நீங்கள் எப்பிடி அம்மா?"

"விறாந்தை கூட்டேக்க கேட்டனான்." பிறகு தனக்குத் தெரிந்த துண்டுகளையெல்லாம் சொன்னாள். முந்திரி புட்டுக்கு வாழைப்பழம் கேட்டுச் சண்டை பிடித்தது. கடற்பசுவுக்கு நுளம்பு கடித்தது. கடலுக்கு நடுவில் ஒரு ஊர் தெரிந்தது, அங்கே எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. முந்திரி கரையில் இறங்கி முதல் வீட்டுப் படலையைத் தட்டியது.

"ஆர் திறந்தது?"

இந்திராதேவி விளக்குத் திரியைத் தூண்டினாள்.

"அம்மா, ஆர் படலையைத் திறந்தது? அதுக்குப் பிறகு?"

"அந்த நேரம் பார்த்து றஸ்னா மிஸ் கூப்பிட்டவ, பிள்ளை. நான் உள்ளுக்குப் போயிட்டன்."