பின்சில்லின் பிடிப்பு

"அவனுக்கு ஒண்டிலயும் பிடிப்பில்லை" என்று பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அம்மா அழுவார். அவன் என்றது என் மாமாவை, அம்மாவின் ஒரே தம்பியை. ஊரில் நடந்த போருக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அவர். நாள் முழுக்கச் சோபாவில் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "நான் உங்களுக்கொரு பாரம், அக்கா" என்பார். எனக்கு அப்போது எட்டு வயது. கார்ட்டூன் பார்க்க இருந்த சோபா பறிபோன கவலைதான் எனக்கு.

அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, நோர்பரியில் தனக்குத் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவரின் கார் திருத்தும் கராஜில் மாமாவைச் சேர்த்துவிட்டார். மாமா ஒருநாள் போவார், மறுநாள் படுத்துவிடுவார். அந்த முதலாளிக்கும் ஒரு விசர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனுக்கு வெளியே ஒரு மண் தடத்தில் பழைய காரை வைத்து ரேஸ் ஓடுவார். ஓடுவார் என்றால், எல்லாரும் ஓடி முடித்த பிறகு வந்து சேருவார்.

ஒருநாள் புட்டைப் பிசைந்துகொண்டிருந்த மாமா தானாகவே வாய் திறந்தார்.

"முதலாளியின்ர ரேஸ் காருக்கு எஞ்சின் நல்ல பலம், அக்கா. பின்சில்லுக்குத்தான் மண்ணில பிடிப்பில்லை. மிதிக்க மிதிக்க நிண்ட இடத்திலயே சுத்துது."

அட கடவுளே, ஒரு கார்ச் சில்லுக்காகவா அம்மா இவ்வளவு நாளும் அழுதார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவோ கறிக் கரண்டியைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

"அப்ப அதுக்கு என்ன செய்யிறது, தம்பி?"

"பின்னுக்குப் பாரம் வைக்கோணும். பாரம் இருந்தாத்தான் சில்லு மண்ணைப் பிடிக்கும். ரயரில காத்தையும் கொஞ்சம் இறக்கோணும்."

"கனக்க வைச்சா?"

"கனக்க வைச்சா முன்பக்கம் லேசாகி வளைவில திரும்பாது. அளவா, சரியான இடத்தில வைக்கோணும்."

அம்மா மாமாவுக்கு இன்னொரு கரண்டி கறி விட்டார்.

அந்த ஞாயிறு நாங்களும் ரேஸ் பார்க்கப் போனோம். மாமா பற்றரியைக் கழற்றி டிக்கிக்குள் மாற்றியிருந்தார். பின் அச்சுக்கு மேலே ஈயக்கட்டி ஒன்றை திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். முதல்நாள் மழையில் தடம் ஒரே சேறு. கொடி விழுந்ததும் மற்றக் கார்கள் வழுக்கி அலைய, எங்கள் கார் மண்ணைக் கவ்விக்கொண்டு கிளம்பியது.

"பிடிச்சிட்டுது! பிடிச்சிட்டுது!"

சேலைக்கு மேல் கோட்டுப் போட்டிருந்த அம்மா, வேலியைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளிக் கத்தியதில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி பயந்து விலகிப் போனாள். கார் நாலாவதாக வந்தது. முதலாளி ஓடிவந்து மாமாவைக் கட்டிப்பிடித்தார். மாமா சிரித்தார். அவருக்குப் பல் வரிசை அவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

திரும்பி வரும்போது அம்மா காரில் சொன்னார்: "தம்பி, நாளையிலயிருந்து இவளைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டுத்தான் நீ வேலைக்குப் போகோணும். எனக்கு முழங்கால் நோ. நடக்க ஏலாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சற்று முன்பு வேலியில் துள்ளியது எந்த முழங்காலாம்? "நான் தனியப் போவன்" என்று கத்தினேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார்.

"ஓம், அக்கா" என்றார் மாமா.

மறுநாள் காலை நான் பல் விளக்குவதற்குள், தலை வாரி, என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தெருவைக் கடக்கையில் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"விடுங்கோ மாமா, நோகுது."

"விட ஏலாது. அக்கா என்னை நம்பித் தந்தவ."

பள்ளிக்கூட வாசல்வரை அவர் விடவேயில்லை. நான் உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு நடந்தேன். காருக்கு ஈயக்கட்டி மாதிரி, மாமாவுக்கு அளவான பாரமாக அம்மா என்னைத்தான் எடுத்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவின் முழங்கால் சீக்கிரம் சுகமாக வேண்டும் என்று, அந்த வருடம் முழுக்க நான் பிள்ளையாரைக் கும்பிட்டேன்.