மாடு நிற்கும் இடம்

எங்கள் ஊரில் மாடு என்றால் காட்டுமாடு. வீட்டில் கட்டியிருப்பதைப் பசு என்போம், பால்மாடு என்போம். வெறுமனே மாடு என்றால் அது காட்டிலிருந்து இறங்கி வருகிற, முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் மாட்டிய மாதிரி இருக்கிற, அந்தப் பெரிய மிருகம்தான். பேப்பர்காரர்கள் அதைக் காட்டெருமை என்று எழுதுவார்கள். 'மாடு நிக்குது' என்று ஒருவர் சொன்னால் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு வழியில் போகும், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கடைக்குள் ஏறிக்கொள்வார்கள். யாரும் விளக்கம் கேட்பதில்லை.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. பழனி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்து, இருபத்திரண்டு வயதில் கொடைக்கானலுக்கு மேலே இருக்கிற பூண்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் 'யார் வீட்டு மாடு?' என்று நானும் கேட்டிருக்கிறேன். மாமியார் வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதற்கப்புறம் எப்போது அந்தச் சொல் என் வாயிலும் மாறிப்போனது என்று தெரியவில்லை. மாறாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

என் தங்கைக்கு என்னைவிட நான்கு வயது குறைவு. அவளை அடிவாரத்திலேயே கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்குப் பூஜைச் சாமான் கடை. ஒரே மகள், அப்போது ஒன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பசு. அந்தப் பசுவிடம் அவள் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். என்னிடம் அவ்வளவு பேச மாட்டாள்.

வருஷாவருஷம் காணும் பொங்கலன்று மூன்று பேரும் மலையேறி வருவார்கள். மன்னவனூர் ஏரிக்குப் போவோம். ஆட்டுப் பண்ணையில் குட்டிகளைப் பார்ப்போம். கட்டிக்கொண்டு போன புளிசோற்றைக் குளிரில் நடுங்கிக்கொண்டே தின்போம். சாயங்காலம் அவர்கள் இறங்கிவிடுவார்கள். தைப்பூசம் நெருங்கினால் பாதயாத்திரைக் கூட்டத்தில் கடையை விட்டு ஒரு மணிநேரம்கூட நகர முடியாது. அந்த வருஷம் பூசம் தள்ளி வந்தது. நான்தான் போனில் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நாள் முன்னாடியே வந்தா கொறஞ்சா போயிருவ? அந்தப் பசுவப் பாத்துக்க ஊருல ஆளே இல்லியா?"

"மாட்டுப் பொங்கலுக்கு நான் இல்லாம எப்பிடிக்கா?"

"ஏன், அது ஒன்னைய எங்கன்னு தேடுமாக்கும்!"

எனக்கு வாய் நீளம். அவளுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. பொங்கலன்று சாயங்காலமே வந்து இறங்கினார்கள்.

அந்தத் தை மாதம் பனி கொன்று எடுத்தது. உருளைக்கிழங்கு இலை எல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிக் கிடந்தது. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, வெயில் ஏறின பிறகுதான் இளகும். மாட்டுப் பொங்கல் அன்று வெயிலே ஏறவில்லை. விடிந்ததிலிருந்து மேகம் இறங்கி வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு நாய் எங்கள் பிக்கப் வண்டி அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, பொறையை நீட்டினால்கூட வெளியே வரவில்லை. குளிருக்குப் படுத்திருக்கிறது என்று நினைத்தேன்.

தங்கைக்கு முகமே சரியில்லை. பசுவுக்குப் பொட்டு வைக்காமல், இலையில் பொங்கல் வைத்து ஊட்டாமல் ஒரு மாட்டுப் பொங்கலைக் கழித்ததில்லை அவள். பழனிக்குப் போன் போட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் 'கொம்புக்கு மஞ்சள் தடவுனீங்களா, தண்ணி காட்டுனீங்களா' என்று நான்கு தரம் கேட்டுவிட்டாள்.

"வீடியோ கால்ல காட்டச் சொல்லி செல்லுலயே ஒரு பொட்டு வச்சு விட்ருடி," என்றேன். அவள் மகள் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

எட்டு மணி வாக்கில் என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்தார். செருப்பெல்லாம் சேறு.

"மாடு எறங்கியிருக்கு. ஒத்த மாடு. நாலஞ்சு பாத்தியப் போட்டு மிதிச்சு வச்சிருக்கு," என்றார்.

வெள்ளைப்பூண்டை அது தின்னாது, மிதிக்கும். பாத்தி போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒத்தை என்பதுதான் பயமாக இருந்தது. பத்து இருபதாக வந்தால் மேய்ந்துவிட்டுத் தானாகப் போய்விடும். கூட்டத்தைவிட்டு விரட்டப்பட்ட கிழடு ஒன்று தனியாக வந்தால் எளிதில் போகாது, எதற்கு வந்ததென்றும் தெரியாது. இதெல்லாம் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அவர் நின்றவாக்கிலேயே டீயைக் குடித்துவிட்டு, கீழ்த்தோட்டத்து வேலியைக் கட்டுவதற்குத் தங்கை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் சொன்னதைத் தங்கையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். காலையிலிருந்து வாடியிருந்த முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. டீ உள்ளே போனதால் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குச் சர்க்கரைப் பொங்கலை இறக்கிவிட்டு, வடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"மாடு எங்கக்கா நிக்குது?"

பயந்து கேட்கிறாள், மகளை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வதற்காகக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

"ஓடைக்கு அங்கிட்டு, தைலமரத்துக்குள்ள. வெள்ளனே இருந்து அங்கனதான் நிக்குதாம்."

"ஒத்தையாவா?"

"ஒத்தையாத்தான்."

"பாவம்," என்றாள்.

அந்த இடத்தில் நான் திரும்பியிருக்க வேண்டும். காட்டுமாட்டைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் பாவம் என்று சொல்ல மாட்டார்கள். மாவில் உப்பு போட்டேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் பொங்கல் எடுத்துக்கவாக்கா?"

"எடுத்துக்கிறதுக்குக் கேப்பாங்களா? வெரசாப் போயிப் பிள்ளைக்குக் குடு."

இலை கிழிக்கும் சத்தம் கேட்டது. தட்டு உரசும் சத்தம் கேட்டது. வாசல் கதவு சாத்தியதும் கேட்டது. எல்லாமே கேட்டது எனக்கு.

முதல் ஈடு வடை எண்ணெயில் கிடக்கும்போது ஓடைக்கு அப்பால் மேட்டுப் பக்கமிருந்து தட்டு கொட்டும் ஓசை வந்தது. மாடு இறங்கினால் இங்கே எல்லோரும் செய்வதுதான். தட்டு, தகரம், மண்ணெண்ணெய் டின், கையில் கிடைத்ததைப் போட்டுத் தட்டுவார்கள். யாரோ விரட்டுகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தது. 'நல்லா விரட்டுங்க, தொலையட்டும்' என்று வாய்விட்டே சொன்னேன். வடையைத் திருப்பிப் போட்டேன்.

விரட்டுகிறவர்கள் நிறுத்தாமல் அடிப்பார்கள். தாளம் எல்லாம் இருக்காது. இந்த ஓசை மூன்று அடி அடித்து நின்றது. மறுபடியும் மூன்று அடித்து நின்றது. ஏதோ தெரிந்த தாளமாக இருக்கிறதே என்று காதைக் கொடுத்தேன். மூன்றாவது தடவை நின்றபோது அந்த இடைவெளியில், மேகத்துக்குள்ளிருந்து, பிள்ளையின் குரல் மெல்லிசாக வந்தது.

"பொங்கலோ பொங்கல்! மாட்டுப் பொங்கல்!"

அடுப்பை அணைத்தேனா, செருப்புப் போட்டேனா, ஒன்றும் நினைவில்லை. ஓடைப் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். 'தட்டாத' என்று கத்த வேண்டும் என்று தெரிகிறது, ஓடுகிற மூச்சிரைப்பில் சத்தம் எழும்பவில்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. இன்னொரு தரம் தட்டுச் சத்தம் ஆரம்பித்தது. இரண்டு அடிதான் கேட்டது, மூன்றாவது வரவில்லை. தட்டு கல்லில் விழுந்து உருண்டது. 'அம்மா' என்று ஒரே ஒரு தரம் பிள்ளை கூப்பிட்டது. பிறகு கொஞ்ச நேரம் மேட்டில் சத்தமே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கும்பிடாத சாமி கிடையாது. ரெண்டு பேரும் இருக்கணும், ரெண்டு பேரும் இருக்கணும் என்றுதான் வேண்டினேன்.

பிள்ளை தண்ணீர்த் தொட்டிச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எப்படி ஏறியது என்று அதற்கே தெரியாது. தங்கை கீழே தைலஇலைச் சருகில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. அவளைத் தாண்டிப் பத்துப் பதினைந்தடியில் அது நின்றது. மூச்சு விடுவது கேட்டது. என்னைப் பார்த்தது. எவ்வளவு நேரம் பார்த்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு, செய்ய வந்த சோலி முடிந்துவிட்டது என்பதுபோல் திரும்பி, மரங்களுக்குள் நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

"கோயில் காளைன்னு நெனச்சேன்க்கா," என்றாள் தங்கை.

பழனியில் நேர்ந்துவிட்ட காளைகள் தெருவில் திரியும். யாரும் பயப்படுவதில்லை, தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மாடு என்று நான் சொன்னது அவள் காதில் அந்த மாடாகத்தான் விழுந்திருக்கிறது. மேகத்துக்குள் கறுப்பாக, பெரிதாக ஒன்று நிற்பதைப் பார்த்து அதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். இலையைத் தள்ளி வைத்துவிட்டு, ஊரில் செய்வதுபோலவே மகளைத் தட்டைக் கொட்டச் சொல்லியிருக்கிறாள்.

கேரட் ஏற்றுகிற பிக்கப்பில் சாக்கை விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில். ஒவ்வொரு வளைவிலும் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அழவில்லை. கொடைக்கானல் வருவதற்குள் தங்கை வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவ எதுக்கு மதினி அங்க போனா? மாடு நிக்கிதுன்னு யாரும் இவளுக்குச் சொல்லலியா?"

"நான் அடுப்படியில இருந்தேன் தம்பி," என்றேன்.

அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் பிறகாவது ஒருநாள் திருத்தியிருக்கலாம்.

கொடைக்கானலில் முதலுதவி செய்து கீழே அனுப்பினார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பு இரண்டும் போயிருந்தது. பிழைப்பாளா என்று மூன்று நாள் யாரும் சொல்லவில்லை. பிழைத்தாள். ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாள். இப்போது இடது கால் குட்டை, கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறாள். மலைக்கோயில் படியேறியே மூன்று வருஷம் ஆகிறது.

அந்த ஆறு மாதத்துக்குள் நடந்த விஷயத்துக்கு ஒரு கதையும் உருவாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து உருவாக்கியது. அது பாட்டுக்கு நின்றதாம், பிள்ளை தட்டைக் கொட்டவும் மிரண்டு முட்டிவிட்டதாம். விசாரிக்க வந்த வனத்துறை ஆட்களும் சத்தம்தான் காரணம் என்று சொன்னார்கள். 'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்' என்று எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள், பிள்ளையை வைத்துக்கொண்டே சொன்னார்கள். நானும் அங்கேதான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். மாடு எங்கே நிற்கிறது என்று யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்கையிடம் கேட்டபோது, 'எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல' என்றாள். உண்மையாகவே இல்லையா, எனக்காக இல்லையா? இதுவரை கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அவர்கள் இப்போது மலைக்கு வருவதில்லை. பொங்கல் கழித்து நான்தான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பசுவை விற்றுவிட்டார்கள். போன தையில் போனபோது மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தங்கை மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயது, என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். ஒரு துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"பெரியம்மா, ஒண்ணு கேட்டாத் திட்ட மாட்டீங்களே?"

"கேளு."

"அன்னிக்கு நான் தட்டு கொட்டாம இருந்திருந்தா அம்மா நல்லா நடந்திருப்பாங்கள்ல?"

கீழே தங்கை கம்பு ஊன்றி நடக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பதில் தெரியும். மாடு நிற்கிற இடத்தைச் சொன்னது நான்தான் என்று நாலு வார்த்தையில் சொல்லிவிடலாம். சொன்னால் அவளுடைய அப்பாவுக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அப்புறம் இந்த வீட்டு வாசலை நான் எந்த முகத்தோடு மிதிப்பேன்? மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை தூங்காமல் வைத்திருந்த கேள்வி அது என்று பார்த்தாலே தெரிந்தது.

"சின்னப் பிள்ளை நீ, ஒனக்கு என்ன தெரியும்? போனது போகட்டும். பெரியம்மாவுக்கு ஒம்மேல கோவமே கிடையாது," என்றேன்.

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'தேங்க்ஸ் பெரியம்மா' என்றாள்.