வேலை சொல்லப்படாத அணுக்கள்

"நம்ம ரத்தம் நம்மள உடாது." எங்கள் அக்காவின் பேச்சில் நாளுக்கு நாலு தடவை வந்து விழும் வார்த்தை. அப்படிச் சொல்லித்தான் தன் மூத்த மகளை எனக்கே கட்டி வைத்தாள். நான் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு புதுவாயலில் குடியிருந்தேன். செல்போன் அப்போதுதான் எங்கள் தெருவுக்குள் வரத் தொடங்கியிருந்தது.

பிறந்த பையனுக்குச் சளியும் பேதியும் ஓயவில்லை. ஒரு நோயைக் கண்ட உடம்பு அடுத்த தடவை சுதாரித்துக்கொள்ளும் என்பார்கள். இவனுக்கு ஒவ்வொரு ஜுரமும் புதுசு.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பின் எல்லா அணுவிலும் ஒரே ஜீன்கள்தானாம். எது திறக்கிறது, எது மூடுகிறது என்பதில்தான் வேலை பிரிகிறதாம். ரத்தத்தில் டி அணுக்கள் என்று காவல்காரர்கள். நோயோடு சண்டை போட்டபின் சிலர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு தங்கிவிடுவார்களாம். எங்கள் பையனிடம் அந்தக் காவலர்களை ஆளாக்குகிற ஜீன்கள் இருக்கின்றன, அவற்றைத் திறந்துவிடுகிற ஒன்றுதான் பழுது. எனக்கு ஆலை ஞாபகம் வந்தது. கேட்டுக்குள் வருகிற எல்லோரும் முதல் நாள் ஹெல்பர்தான். வெல்டிங்கா, கிரேனா என்று சூப்பர்வைசர்தான் சொல்ல வேண்டும். அவரே வராவிட்டால்?

"சொந்தத்துலயா கட்டுனீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்கம்மாவோட தம்பி மேடம்," என்றாள் என் மனைவி.

அவர் பேனாவை மூடிவிட்டார். ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்திருக்கிறது, குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு கல்யாணம் நடந்தால் அங்கேயும் வரலாம் என்றார். நல்ல அணுக்கள் ஊற வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை வைக்க வழி தேடுவதற்குள் நிமோனியா முந்திக்கொண்டது. பையன் நடக்கக்கூடத் தொடங்கவில்லை.

காரணத்தை அக்காவிடம் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. அவளோ துக்கம் கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, தன் சின்ன மகளை எங்கள் அண்ணன் மகனுக்கு முடிக்கப் பேச்செடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மனைவி தட்டைவிட்டு நிமிரவில்லை.

"யம்மா, தங்கச்சிய வெளில குடு."

"வெளில குட்த்தா எவன்டி பாத்துப்பான்?"

"எவனாவது பாத்துப்பான். அவளுக்காவது கொழந்த தங்கணும்."

பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா தம்பி, அப்ப நான் பண்ணதா?"

யார் பண்ணதும் இல்லக்கா என்றேன். அவள் காதில் ஏறவில்லை.

சின்னவளை வேப்பம்பட்டில் அந்நியத்தில் கொடுத்தோம். பெண்ணை வழியனுப்பும்போது அக்கா அழுத அழுகையைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் பதறி, நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று திரும்பத் திரும்பத் தேற்றினார்கள். என் மனைவி மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.