ஜொவிட்டா காய்ச்சிய மெந்தால் சோப்பு

சாந்தோமில் இருக்கிற ஜொவிட்டா என் சின்னம்மாவின் மூத்த மகள். நர்சரி டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சோப்புக் காய்ச்சக் கற்றுக்கொண்டாள். எங்கள் சொந்தத்தில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும், வந்தவர்கள் கையில் அவள் சோப்பு ஒன்று இருக்கும். அச்சில் ஊற்றினால் ஒரு மாதம் காய வேண்டும். அதற்கு முன் பங்குச் சாமியாரே கேட்டாலும் தர மாட்டாள்.

இந்த மே மாதம் அவள் மகன் டெரிக்கின் பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். சொந்தப் பேத்தி. வெயிலுக்கு ஜில்லென்று இருக்கட்டும் என்று மெந்தால் வாங்கினாள். தலைவலித் தைலத்தில் போடுகிற உப்பு அது, ஊசி ஊசியாக இருக்கும். மூடியைத் திறந்தாலே கண்ணில் நீர் வரும். பொங்கல் முடிந்ததுமே மாதிரிக்கு இரண்டு சோப்பு ஊற்றினாள்.

போட்டுப் பார்ப்பது எப்போதும் அவள் வீட்டுக்காரர் காஸ்பர்தான். வெளியே போய் வந்ததும் குழாயடியில் கால் கழுவுவார். அந்தக் காலில்தான் சோதனை.

"எப்படிங்க கீது?"

"ஒண்ணும் தெரியலடி. இன்னும் கொஞ்சம் போடு."

அடுத்த மாதிரியில் இரண்டு மடங்கு போட்டாள். அதற்கும் அதே பதில். மூன்றாவதில் மெந்தாலோடு நீலகிரித் தைலமும் சேர்த்தாள். "ஆங், இப்ப ஜில்லுனு கீது," என்றார். அதே அளவில் நாற்பது சோப்பு ஊற்றினாள்.

விசேஷத்துக்குப் பத்து நாள் முன்பு, காஸ்பரின் அக்கா ஆலிஸ் வடபழனியிலிருந்து வெயிலில் பஸ் ஏறி வந்து, அந்தச் சோப்பில் முகம் கழுவினாள். அவள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"மாதாவே! மூஞ்சி பத்திக்கிச்சு! சோப்பாடி இது, தலைவலித் தைலமா?"

முகம் சிவந்து போயிற்று. தண்ணீர் பட்டால் இன்னும் எரிந்தது. ஜொவிட்டா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

"அத்தைக்கே இப்படின்னா பாப்பாவுக்கு இன்னாம்மா ஆவும்?" என்றான் டெரிக்.

"எனக்கு ஒண்ணும் ஆவலையே," என்று காஸ்பர் காலை நீட்டிக் காட்டினார். ஆலிஸ் எரிகிற கண்ணோடு குனிந்து பார்த்தாள்.

"டேய், உள்ளங்கால்ல இன்னாடா காயம்?"

"எந்தக் காயம்?"

பத்து வருஷமாக அவருக்குச் சர்க்கரை. ஜொவிட்டா காயத்தைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்த்தாள்; கால் மரத்துப் போயிருந்தது.

"முதல்லருந்தே ஒண்ணும் தெரியல ஜொவி. நீ மூணு மாசமா கஷ்டப்படுறியேன்னு ஜில்லுனு கீதுன்னேன்."

மறுநாள் காலை டாக்டரிடம் போனார்கள். இப்போதாவது பார்த்தீர்களே என்று அவர் திட்டிக்கொண்டே கட்டுப் போட்டார்.

சோப்பின் மேல் 'காலுக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றான் டெரிக். "சோப்புக் கையால ஒரு குழந்தை கண்ணைக் கசக்குனா?" என்று ஜொவிட்டா நாற்பதையும் குப்பையில் கொட்டினாள். புதிதாக ஊற்றினால் காய நாள் இல்லை. கடையில் விற்கிற ரெடிமேட் சோப்புக் கட்டியை உருக்கி ஊற்றுகிறவர்களை, ஓட்டல் தோசையை வீட்டுத் தோசை என்கிறார்கள் என்று கேலி பேசினவள் அவள். அதற்குக் காயும் நாள் வேண்டாம் என்பதால் அதையே வாங்கி வந்து, நிறமும் வாசனையும் சேர்க்காமல் உருக்கி ஊற்றினாள். முதல் சோப்பைத் தன் முழங்கை மடிப்பில் தேய்த்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எல்லோருக்கும் கொடுத்தாள். பேத்தியையும் அதில்தான் குளிப்பாட்டினாள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் காஸ்பர் காலை ஜொவிட்டாதான் கழுவிவிடுகிறாள். விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பார்ப்பாள். தொட்ட இடத்தில் எல்லாம் "தெரியல, தெரியல" என்பார். கணுக்காலைத் தாண்டிக் கை மேலே போனதும், "ஏய், கூசுதுடி!" என்று காலை இழுத்துக்கொள்வார். அவள் வேண்டுமென்றே இன்னொரு தரம் தொடுவாள்.