கொலுசு போட்ட ஆடு

என் அக்காவுக்கு வாய் இல்லாமல் இல்லை. நன்றாகவே பேசுவாள். எங்கள் வீட்டில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

டிகிரி முடித்த கையோடு போளூரில் ஒரு மருந்துக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. தோழிகளோடு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கப் போகிறேன் என்றாள். "மல எறங்கிப் போயி தனியா தங்குற பொண்ண எவன் கட்டுவான்?" என்று கேட்ட அப்பா, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போய் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமை நிலம், புளியமரங்கள், சொந்த ஜீப்பு எல்லாம் இருந்தன.

"எனக்கு இப்ப வேணாம்பா" என்றாள் அக்கா.

"வேணாம்னு சொல்லாத பொண்ணு எங்க கீது? போகப் போக சரியாப் பூடும்" என்றார் அப்பா. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டுச் சுவருக்குச் செம்மண் பூசி, அதன் மேல் சுண்ணாம்பால் மயில், பூ, தேர் என்று ஏதாவது வரைவோம். பெண்ணின் கைவேலை தெரியட்டும் என்று அவளையே வரையச் சொல்வார்கள். அக்கா குச்சி நுனியை நசுக்கிச் சுண்ணாம்பில் தோய்த்து வரைந்துகொண்டே இருந்தாள். பார்த்தால் எங்கள் ஊர்த் திருவிழா! மேளக்காரர்கள், கூடை சுமந்த பெண்கள், நடுவில் மாலை போட்ட ஆடு, அதைச் சுற்றிச் சொம்போடு ஆட்கள்.

பலி ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பது வழக்கம். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சம்மதம் என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டக் கூடாது, மறுபடியும் தெளிப்பார்கள். ஈரம் பட்டால் எந்த ஆடுதான் உதறாது? அதை யார் கேட்பது!

"சாமி காரியத்த வரைஞ்சிக்கிறா பாரு. மனசு மாறிட்ச்சு" என்று அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் உள்ளே வந்து குந்தாமல், டீ கிளாஸோடு சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இன்னாம்மா இது, ஆட்டுக்குக் கொலுசு போட்டுக்கீற?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். "வெளாட்டுப் புத்திங்க" என்று அப்பா சமாளித்தார். அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். ஆட்டின் கால்களில் மூன்று சலங்கை வைத்த கொலுசு. அக்கா காலில் கிடக்கும் அதே கொலுசு. சுற்றி நின்ற ஆட்களில் ஒருவர்கூட ஆட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அதன் ஈர முதுகில் இருந்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அக்காவிடம் வந்தார்.

"உன் மேல தண்ணி தெளிச்சிட்டு நிக்கிறாங்களா கண்ணு?"

அக்கா கண் கலங்கித் தலையாட்டினாள்.

"நீ ஒதறினியா?"

"இல்லீங்க."

"ஜீப்ப எடுடா" என்றார் மகனிடம். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஒதறாத ஆட்ட நாங்க வெட்டறதில்லீங்க" என்றார்.

அவர் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது எனக்கு. முன்பின் தெரியாத ஒரு பெண், டீ ஆறுவதற்குள் அந்தச் சுவரைப் புரிந்துகொண்டுவிட்டார். பெற்றவர்களுக்கு, கூடப் பிறந்த எனக்கு, அது புரியவில்லையே!

ஜீப்புச் சத்தம் மறைவதற்குள் அப்பா சாணியைக் கரைத்துச் சுவரில் வாரி அடித்தார். "மானத்த வாங்கிட்டியேடி!" என்று கத்தினார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடைக்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். தை பிறந்ததும் அப்பா வேறு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார். இந்த முறை அக்கா சுவரைத் தொடவே கூடாது என்று உத்தரவு. போளூரிலிருந்து பெயிண்டர் வந்து நீலம் அடித்துவிட்டுப் போனார். ஒரு கோடு கிடையாது. வந்தவர்கள் வூடு ஜோரா கீது என்றார்கள்.

நலங்கு அன்று காலையில் நல்ல பனி. அந்த நீலச் சுவர் முன்னால் அக்காவை மணையில் உட்கார வைத்து, மஞ்சள் பூசி, தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் பல்லைக் கடித்து, கைகளை மூடி, உடம்பை இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். எதற்காக இறுக்குகிறாள் என்று இந்த முறை எனக்குப் புரிந்தது. விட்டுடாதேக்கா, விட்டுடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். "இன்னும் ஊத்துங்கடி" என்றாள் ஒரு அத்தை.

மலைத் தண்ணீர், எவ்வளவு நேரம் தாங்குவாள்? உச்சி முதல் கால் வரை அக்காவின் உடம்பு ஒரு உதறு உதறியது. கொலுசு குலுங்கியது.

"அப்பாடா" என்றார் அப்பா. "போதும், எழுப்புங்க."