குரலுக்குத் திறக்கும் செட்

என் அப்பா ஸம்பத்குமார் திருவள்ளூர் கோர்ட்டில் நகல் எழுத்தர். உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர். பழைய ராணுவ சாமான்களை வாங்கித் பேசவும் கேட்கவும் ஆன தன் டிரான்ஸீவர் செட்டைத் தானே கட்டினார். 1972இல் பக்கவாதம். வலக்கை போயிற்று, குரல் தணிந்தது. மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டே குமிழைத் திருப்ப ஒரு கை போதவில்லை.

அதனால் நான் வாக்ஸ் என்ற, குரலுக்குத் தானே திறக்கும் சுற்றைப் பொருத்தினேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்ததும் செய்த முதல் வேலை. மைக்கில் சத்தம் விழுந்தால் ரிலே ஸ்விட்ச் தானே இழுக்கும், அலை கிளம்பும். சத்தம் நின்றால் விட்டுவிடும். வீடு தண்டவாளத்து ஓரம். கூட்ஸ் போனாலும் இழுக்கும்.

"வாக்ஸைக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோப்பா."

"குறைச்சா என் குரலும்னா போகாது."

தினமும் காலை ஏழு மணிக்குக் கும்மிடிப்பூண்டி ஜெயராஜோடு பேசுவார். அவர் பட்டறை எலெக்ட்ரிஷியன். பேச்சில்லாமல் அலை மட்டும் வந்தால் கிண்டல் செய்வார்: "ஒங்க ரயிலு பேசிக்கினு கீது சாமி, நீங்க எப்போ பேசுவீங்க?"

1974 மே 8. அம்மா கோயிலிலிருந்து எட்டு மணிக்குத் திரும்பினாள். அப்பா நாற்காலியடியில் கிடந்தார். உயிர் இல்லை.

"ஒரு நொடியில போயிருப்பார்" என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தால்தான் அம்மா சாப்பிட்டாள், தூங்கினாள்.

ஜூனில் ஜெயராஜ் வந்தார். செட்டைப் போட்டுப் பார்த்தார். வெளியே கூட்ஸ் போயிற்று. ரிலே 'டக்' என்றது. அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கும் இதாம்மா. கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன், சாமி பேசல. ரயிலு மட்டும் நாலு வாட்டி வந்துச்சு, உர்ருனு. பேஜாராயி செட்ட அணைச்சிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம் இருக்கும்."

எனக்கு உறைத்தது. அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்தேன். இவரிடமும், அம்மாவிடமும்.

அம்மா காபியோடு எங்கள் பின்னால் நின்றிருந்தாள்.

"அன்னிக்கு ஏது ரயில்? காலம்பற ஆறு மணிக்கே ஸ்ட்ரைக் ஆரம்பிச்சுடுத்தே. ஒரு வண்டி ஓடலையே."

ஜெயராஜ் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

அம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் வார்த்தை இல்லை.

மேசைமேல் ரிலே இழுத்தது.